கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டவருக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என்னுடன் பல ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். விடைத்தாள் திருத்தும் முகாமைப் பற்றியும் மழையைப் பற்றியும் பத்து நிமிடங்கள் பேசிய பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், நீங்க ஒரு கூட்டத்துக்குப் போவீங்களே, அது எங்க நடக்குது? என் தம்பிக்காகத்தான் கேக்குறேன்" என்றார். இடத்தையும் கிழமையையும் நேரத்தையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். அதன்பின் நான்கு வியாழக்கிழமைகள் கடந்துவிட்டன, தம்பி வரவில்லை.

அவர் வராததில் எனக்கு வியப்பில்லை. அதே முகவரியை ஐந்து மாதங்களுக்கு மேலாக மணிபர்ஸில் மடித்து வைத்திருந்தவன் நான். முகவரி தெரிவதற்கும் அந்த வாசலுக்குள் கால் வைப்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. உள்ளே என்ன நடக்கும், யார் இருப்பார்கள், என்ன கேட்பார்கள் என்பது தெரியாத வரையில் அந்த இடைவெளி குறைவதில்லை. அன்று தொலைபேசியில் நான் சொல்லாமல் விட்டவற்றை எல்லாம் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். என் பெயரையும் ஊரையும் பள்ளியையும் மட்டும் எழுதப்போவதில்லை. குடியை விட விரும்புகிறவர்கள் ஒன்றுகூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது நாங்கள் ஏஏ என்று சொல்லும் அமைப்பில், பொதுவெளியில் பெயரை வெளியிடாமல் இருப்பது ஒரு மரபு. அந்த மரபு என்னைக் காப்பாற்றியிருக்கிறது. நானும் அதைக் காப்பாற்ற வேண்டும்.

நான் கணித ஆசிரியர். பத்தாம் வகுப்பில் வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் பாடம் ஒன்று உண்டு. கரும்பலகையில் மரக் கவராயத்தை ஊன்றி, சாக்பீஸ் செருகிய காலைச் சுழற்றி வட்டம் போட வேண்டும். 2017ஆம் ஆண்டில் காலை முதல் பாடவேளையில் என்னால் அதைச் செய்ய முடியாது. ஊன்றிய கால் நழுவும். வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேராது. அதனால் மாணவர்களுக்குப் பயிற்சி தருவதாகச் சொல்லி, தினம் ஒருவரை எழுந்து வந்து வரையச் சொல்வேன். அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், நான் யாரையும் அழைப்பதற்கு முன்பாகவே, முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து என் கையிலிருந்து கவராயத்தை வாங்கிக்கொண்டாள். எதுவும் சொல்லவில்லை. வட்டத்தைப் போட்டுவிட்டு, சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்கு முன்பே ஒரு முறை குடியை நிறுத்தப் பார்த்திருந்தேன். அந்த ஆண்டு மே மாத விடுமுறையில், யாரிடமும் சொல்லாமல், மன உறுதி ஒன்று போதும் என்று நம்பி, ஒரே நாளில் நிறுத்தினேன். இரண்டாம் நாள் மாலை வலிப்பு வந்து கூடத்தில் விழுந்தேன். என் மைத்துனர்தான் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இதைச் சற்று விளக்கியே ஆக வேண்டும். தினமும் அதிகமாகக் குடிப்பவரின் மூளை, மதுவின் அமுக்கும் தன்மைக்கு எதிராகத் தன்னை முடுக்கிவைத்துக்கொண்டே இருக்கிறது. மது திடீரென்று நின்றால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும்; முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், புத்தி தடுமாறும், உயிரே போகவும் கூடும். ஆகையால் தினமும் குடிப்பவர் எவரும் மருத்துவரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தரும் மாத்திரைகளும், தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசியும் அந்த நாட்களைக் கடக்க வைக்கும். கூட்டம் அந்த வேலையைச் செய்யாது. கூட்டத்தின் வேலை அதற்குப் பிறகு வருகிறது.

ஒன்பது நாட்கள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது, அங்கிருந்த ஆலோசகர் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் மதுரையில் உள்ள ஒரு பள்ளியின் பெயரையும், ஒரு தொலைபேசி எண்ணையும், 'வியாழன், மாலை 7' என்பதையும் எழுதிக் கொடுத்து, "மாத்திரை உடம்புக்கு சார், இது மத்ததுக்கு" என்றார். நான் அதை வாங்கி மணிபர்ஸில் வைத்தேன். ஐந்து வாரங்கள் குடிக்கவில்லை. பள்ளி திறந்தது, ஜூன் முடிவதற்குள் மீண்டும் தொடங்கினேன். சீட்டு மணிபர்ஸிலேயே இருந்தது. கடையில் குவார்ட்டருக்குப் பணம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதன் ஓரம் விரலில் படும்.

கடையைக் கண்டுபிடிக்க யாருக்கும் சீட்டு தேவைப்பட்டதில்லை. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003இல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்ட பிறகு, அந்தப் பெயர்ப் பலகையைத் தமிழ்நாட்டில் அறியாத குழந்தை இல்லை. 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பின்னரும் நாலாயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட கடைகள் இருந்தன. ஏஏ கூட்டத்துக்கோ பலகை கிடையாது. தேவாலயத்தை ஒட்டிய அறையிலோ, பள்ளி வகுப்பறையிலோ, மருத்துவமனையின் ஏதோ ஒரு மாடியிலோ வாரத்தில் ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் நடந்துவிட்டுக் கலைந்துவிடும். விளம்பரம் செய்வதில்லை என்பது அதன் கொள்கை. அந்தக் கொள்கையின் காரணம் எனக்குப் புரிகிறது, அதை மதிக்கிறேன். ஆனாலும் பக்கத்துத் தெருவில் கூட்டம் நடப்பது தெரியாமலே இறந்துபோனவர்களை நினைக்கும்போது மனம் ஆறுவதில்லை.

கவராயம் கைமாறிய அன்று மாலை மருத்துவரிடம் மீண்டும் போனேன். மாத்திரைகளைத் தந்து, ஒரு வாரம் விடுப்பு எடுக்கச் சொன்னார். எட்டாம் நாள் அந்தச் சீட்டில் இருந்த எண்ணை அழைத்தேன். வீட்டில் பேசத் தயங்கி, கண்மாய்க் கரைக்கு நடந்துபோய், புளியமரத்தடியில் நின்று அழைத்தேன். எடுத்தவர் என் பெயரைக் கேட்கவில்லை, என்ன வேலை என்று கேட்கவில்லை. "இன்னைக்குக் குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். அதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் பொறுத்திருந்துவிட்டு, "வியாழக்கிழமை வாங்கண்ணே. ஒண்ணும் பேச வேணாம். வந்து உக்காருங்க, போதும்" என்றார்.

ஊரிலிருந்து மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் பள்ளி. நான் ஆறரைக்கே போய்விட்டேன். கேட்டைக் கடந்து நேராக நடந்து தெரு முனைவரை போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் கடந்துபோனேன். யாராவது என்னைப் பார்த்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கடையில் வாங்கினால் யாருக்கும் தெரியாது என்று பல ஆண்டுகள் நம்பியவனுக்கு, அந்தப் பயம் பழக்கமானதுதான். ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. உள்ளே போய்விட்டால், நான் யார் என்பது முடிவாகிவிடும். வெளியே நிற்கும் வரையில், 'கொஞ்சம் அதிகமாகக் குடிக்கும் நல்ல வாத்தியார்' என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ள முடிந்தது.

மூன்றாவது முறை கடக்கும்போது காவலாளி நாற்காலியில் இருந்தபடியே, "ஏஏவுக்கா சார்? நேரா போங்க, மூணாவது ரூமு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அவர் அப்படிக் கூப்பிட்டிராவிட்டால் நான் கடைசிப் பேருந்துக்குத்தான் போயிருப்பேன்.

அந்த மூன்றாவது அறை, மூன்றாம் வகுப்பு. சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு தொங்கியது. எட்டு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சுகளில் பதினான்கு ஆண்களும் ஒரு பெண்ணும் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். இருபது ஆண்டுகளாகப் பெஞ்சுகளுக்கு எதிரே நின்றவன், அன்று பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒருவர் எழுந்து வந்து கைகுலுக்கி, டீ கொடுத்தார். மற்றவர்களின் கண்ணாடி டம்ளர்கள் நிறைந்திருந்தன. என்னுடையது பாதிதான் இருந்தது. கை நடுங்கினாலும் சிந்தாத அளவு அது. கேட்காமலேயே ஒருவர் அதை அறிந்திருந்தார். பாதி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குடித்து முடிக்கும்வரை நான் தலை நிமிரவில்லை.

நிமிர்ந்தபோது எதிர் வரிசையில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் நான் கடன் தவணை கட்டும் இடத்தில் கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர். எந்தப் பயத்தில் தெருவை மூன்று முறை நடந்தேனோ, அதுவே நடந்துவிட்டது. அவர் லேசாகத் தலையசைத்து, "வாங்க சார்" என்றார். பிறகுதான் எனக்கு உறைத்தது: அவர் என்னை அங்கே பார்த்தார் என்றால், நானும் அவரை அங்கே பார்த்துவிட்டேன். அந்த அறையில் தெரிந்தவர் யார் இருந்தாலும், அவர் வந்த காரணமும் என்னுடையதும் ஒன்றாகவே இருக்கும். அன்று இரவு இருவரும் ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் ஊர் திரும்பினோம். அவர் மகளின் பொறியியல் கலந்தாய்வைப் பற்றி மட்டுமே பேசினோம்.

கூட்டம் எப்படி நடக்கும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு நிமிட மௌனம், ஒரு பிரார்த்தனை, பிறகு அமைப்பு எதற்காக இருக்கிறது என்று சில வரிகளை ஒருவர் வாசிப்பார். குடியிலிருந்து மீள ஏஏ வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் ஒன்று வாசிக்கப்படும். அதன்பின் பகிர்வு தொடங்கும். பேசுகிறவர் தம் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்பார். எல்லோரும் அவருக்கு வணக்கம் சொல்வார்கள். அவர் தம் கதையைச் சொல்வார். இடையில் யாரும் குறுக்கிடுவதில்லை, கேள்வி கேட்பதில்லை, அறிவுரை சொல்வதில்லை. முடித்ததும் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போவார்கள். பேச விருப்பமில்லை என்றால், இல்லை என்று சொல்லிவிடலாம். நான் முதல் மூன்று வாரங்கள் அப்படித்தான் சொன்னேன். சில கூட்டங்கள் குடும்பத்தார், மாணவர்கள், அறிய விரும்புவோர் யாரும் வரக்கூடிய திறந்த கூட்டங்கள். மற்றவை, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் உள்ளவர்கள் மட்டும் வரும் மூடிய கூட்டங்கள். அந்த விருப்பம் ஒன்றுதான் உறுப்பினராவதற்குத் தகுதி. விண்ணப்பமோ கட்டணமோ கையெழுத்தோ கிடையாது. கடைசியில் ஒரு துணிப்பை கைமாறி வரும். முடிந்தவர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள், அறை வாடகைக்கும் டீக்கும் அதுவே போதும். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. முதல்முறை வந்தவரிடம் பை வரும்போது, வேண்டாம் என்று பக்கத்தில் இருப்பவர் தலையசைக்க, அது தாண்டிப் போய்விடும்.

அங்கே நான் கேட்ட கதை எதையும் இங்கே எழுதப்போவதில்லை. அந்த அறையில் கேட்டது அந்த அறையிலேயே இருக்க வேண்டும். எனக்குள் நடந்ததை மட்டும் சொல்லலாம். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைப்பது, தண்ணீர் பாட்டிலில் கலந்து எடுத்துப் போவது, சம்பளத்தில் ஒரு பகுதியைச் சங்கத்துக்குக் கட்டியதாகச் சொல்வது என நான் கண்டுபிடித்ததாக எண்ணியிருந்த தந்திரங்கள் எல்லாம், வெவ்வேறு ஊர்க்காரர்களின் வாயிலிருந்து, வெவ்வேறு தொழில்களின் சொற்களில், ஒவ்வொன்றாக வெளிவந்தன. நான் தனி ஆள் என்று நினைத்துத்தான் அத்தனை ஆண்டுகள் குடித்தேன். என் மனைவி அழுதபோதும், மருத்துவர் ஈரலின் ஸ்கேனைக் காட்டியபோதும் அசையாத ஏதோ ஒன்று, என்னைப் போலவே பொய் சொன்ன ஒருவர் அந்தப் பொய்யைச் சாதாரணக் குரலில் சொன்னபோது அசைந்தது.

இந்த அமைப்பே அப்படித்தான் தொடங்கியது என்பதைப் பிறகு அறிந்தேன். 1935 மே மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன், ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் ஒரு வணிக முயற்சியில் தோற்று, விடுதியின் முன்கூடத்தில் தனியே நின்றுகொண்டிருந்தார். குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசி. தாம் குடிக்காமல் இருக்க வேண்டுமானால் இன்னொரு குடிநோயாளியிடம் பேசியாக வேண்டும் என்று தோன்றி, அந்த நகரத்துத் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து அழைக்கத் தொடங்கினார். அப்படிப் போய்ச் சேர்ந்த இடம், பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். கால் மணி நேரம் மட்டும் பேசலாம் என்று வந்த மருத்துவர், பல மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அவர் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10ஐத்தான் ஏஏ தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. முதல் கூட்டத்துக்கும் முகவரி இருக்கவில்லை. பதற்றத்தோடு தொலைபேசியைச் சுழற்றிய ஒருவர்தான் அதைத் தேடிக் கண்டுபிடித்தார். எனக்குக் கண்மாய்க் கரையும் புளியமரமும் நினைவுக்கு வரும். இந்தியாவுக்கு இந்தக் கூட்டங்கள் 1957இல் வந்தன.

'கடவுள்' என்ற சொல் எனக்குப் பெரிய தடையாக இருந்ததையும் மறைக்கக் கூடாது. என் தந்தை கறுப்புச் சட்டைக்காரர். வீட்டில் சாமி படம் இருந்ததில்லை. படிகளில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் நான் உள்ளுக்குள் விலகி நின்றேன். 'நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில்' என்று அதன் கூடவே எழுதியிருப்பதை எனக்குச் சுட்டிக்காட்டியவர், அந்தக் கூட்டத்தில் மூத்தவர், முன்னாள் லாரி ஓட்டுநர். "உங்களால தனியா நிறுத்த முடிஞ்சுதா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இந்த ரூமுல உக்காந்தா நிக்குதுல்ல? அப்ப இந்த ரூமு உங்கள விடப் பெரிசு. அது போதும்." அவர்தான் பிறகு என் ஸ்பான்சர் ஆனார், அதாவது எந்த நேரத்திலும் நான் அழைத்துப் பேசக்கூடிய, படிகளைக் கூடவே நடந்து காட்டும் மூத்த உறுப்பினர். நான் இன்றும் கோயிலுக்குப் போவதில்லை. மௌனத்தின்போது அந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பலன் உண்டா என்று கேட்கும் படித்தவர்களுக்கு, எண்களில் நம்பிக்கை உள்ளவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் எடுத்துக்கொண்டு பார்த்தது. ஏஏ கூட்டங்களில் சேர்த்துவிடும் முறைப்படுத்தப்பட்ட சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலானது என்ற முடிவுக்கு அது வந்தது. எல்லோருக்கும் பலிக்கும் என்று அது சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சிலருக்கு மருந்தும் உளவியல் ஆலோசனையும் கூடவே வேண்டும். மனச்சோர்வு இருப்பவர்கள் மருத்துவரை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு மட்டும் வருவது தவறு.

மூன்று மாதங்கள் ஒரு வியாழனும் தவறாமல் போனேன். கை நடுக்கம் நின்றது, வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து முடிந்தது. அத்துடன் எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவு செய்தேன். பிப்ரவரியில் திருப்புதல் தேர்வு என்று ஒரு வாரம் போகவில்லை, விடைத்தாள் என்று அடுத்த வாரம் போகவில்லை. மார்ச் மாதம் அக்காள் பேத்தியின் காதுகுத்து. பந்தலுக்குப் பின்னால் ஒரு கட்டிங் மட்டும் என்று ஊற்றிக் கொடுத்தார்கள். மூன்று நாட்கள் எனக்கு நினைவில் இல்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, நான் கடைசியாகக் குடித்த நாள்.

மீண்டும் மருத்துவரைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் அந்த அறைக்குப் போனபோதுதான், முதல் நாளைவிட அதிகமாகக் கூசினேன். என்ன ஆயிற்று, ஏன் வரவில்லை என்று கேட்பார்கள் என எதிர்பார்த்து ஒரு பதிலையும் தயாரித்துவைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. பாதி டம்ளர் டீ வந்தது. அவ்வளவுதான். அன்று முதன்முறையாக நானே கையைத் தூக்கி, என் பெயரைச் சொல்லி, குடிநோயாளி என்ற அந்தச் சொல்லையும் சொன்னேன். எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கை ஒன்றிலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.

என் மனைவி ஓராண்டு கழித்து ஆல்-அனான் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினாள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக, பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிய தனி அமைப்பு அது. "குடிச்சது நீங்க, கூட்டத்துக்கு நான் எதுக்குப் போகணும்?" என்று முதலில் கேட்டாள், அந்தக் கேள்வியில் தவறில்லை. பதினைந்து ஆண்டுகளாக, மாலையில் நான் வரும்போது கதவைத் திறந்ததும் அவள் மூச்சை உள்ளே இழுப்பாள். வாடை பார்ப்பதற்காக. நான் நிறுத்தி ஓராண்டான பிறகும் அது தொடர்ந்தது. அவளுக்கே தெரியாமல் நடந்தது. ஆல்-அனானுக்குப் போய்ச் சில மாதங்கள் ஆன பிறகு ஒரு மாலை, கதவைத் திறந்தவள் அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது பள்ளிக் கேட்டும் பூட்டப்பட்டது. கடைகளும் மூடியிருந்ததால் சிலருக்கு எளிதாயிற்று, திடீரென்று நின்றுபோனதால் பலருக்கு உயிருக்கே ஆபத்தாயிற்று. எங்கள் குழு கான்ஃபரன்ஸ் காலில் கூடியது. பிறகு இளையவர்கள் ஜூம் கற்றுக்கொடுத்தார்கள். மே 7ஆம் தேதி, சென்னை தவிர்த்த பகுதிகளில் டாஸ்மாக் திறந்தபோது, தொலைக்காட்சியில் வரிசைகளைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அன்று மாலை தொடங்கிய அழைப்பு இரவு பதினொன்றுக்குத்தான் முடிந்தது. யாரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஒருவர் இட்லி மாவு புளித்துவிட்டது என்றார், ஒருவர் பேரன் அழுகிறான் என்றார். ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். இணையக் கூட்டங்கள் இன்றும் தொடர்கின்றன. முக்கியமாக, வீட்டைவிட்டு வந்து ஆண்கள் நிறைந்த அறையில் உட்காரத் தயங்கும் பெண்களுக்கு அவை வழி திறந்திருக்கின்றன. எங்கள் அறையில் அன்று இருந்த அந்த ஒரு பெண், எங்கள் எல்லோரையும்விட அதிகத் துணிச்சல் உள்ளவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தேடுகிறவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்றால், ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களின் விவரமும் தொடர்பு எண்களும் இருக்கின்றன. போதை மீட்புக்கான 14446, மனநலத்துக்கான டெலி மானஸ் 14416 ஆகிய இரண்டும் கட்டணமில்லா அரசு எண்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் கேட்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு, சாந்தி ரங்கநாதன் தொடங்கிய, போதை மீட்புக்கான டி.டி.கே. மருத்துவமனை இந்திரா நகரில் இருக்கிறது. பட்டியலில் பார்த்த நேரத்தை நம்பி நேராகப் போகாமல், முதலில் அந்த எண்ணை அழைத்துப் பேசிவிடுங்கள். கூட்டத்தின் நாளும் இடமும் மாறுவதுண்டு. மேலும் அந்த அழைப்பில் கேட்கும் குரலே பாதித் தூரம் உங்களைக் கொண்டுவந்துவிடும். போன முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறு கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. ஒன்றில் பிரார்த்தனை அதிகம், ஒன்றில் பேச்சு அதிகம், இன்னொன்றில் எல்லோரும் இளைஞர்கள். ஆறேழு முறையாவது போகாமல் முடிவுக்கு வர வேண்டாம். முடிந்தால் மாலைக் கூட்டமாகப் பாருங்கள். ஏழு மணிதான் என் கால்கள் தாமாகக் கடைப்பக்கம் திரும்பிய நேரம். அந்த நேரத்துக்கு வேறு ஓர் இடம் இருந்ததே எனக்குப் பாதி மருந்து. பசியோடும் கோபத்தோடும் தனிமையோடும் களைப்போடும் அந்த நேரத்தை எட்ட வேண்டாம் என்று ஸ்பான்சர் சொல்வார். அதனால் பள்ளி விட்டதும் இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டுத்தான் பேருந்து ஏறுவேன்.

நேற்று அந்த ஆசிரியையை நானே அழைத்தேன். தம்பியின் உடல்நிலையை விசாரித்தேன். மருத்துவரிடம் கூட்டிப்போய் மாத்திரை தொடங்கியிருப்பதாகச் சொன்னார். முகவரியைக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டது என் தவறு என்று சொன்னேன். இந்த வியாழன் மாலை ஆறு மணிக்கு ஆரப்பாளையம் பேருந்து நிலையத்து வாசலில், டீக்கடைப் பக்கம், நீலச் சட்டையில் நிற்பேன், இருவரும் சேர்ந்து நடந்து போகலாம், அவர் ஒன்றும் பேச வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லச் சொன்னேன். "அவன் வருவானான்னு தெரியல சார்" என்றார். பரவாயில்லை, நான் ஆறே முக்கால் வரை நிற்பேன், அடுத்த வியாழனும் நிற்பேன் என்றேன்.